பேப்பர் கட்டிங்: வெட்டுவதிலிருந்து பெட்டிக்குள் போகும் வரை

பழைய டைரிக்குள்ளோ பஞ்சாங்கத்துக்குள்ளோ பல வருஷம் கிடந்த கட்டிங் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அது இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் அதே அளவில் பழுப்புக் கறை பதிந்திருக்கும். டைரித்தாள் நல்ல தாள்தான். செய்தித்தாளிலிருந்து கசிந்த அமிலம்தான் அதைப் பழுப்பாக்கியது. கட்டிங் சேர்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கறையை. கட்டிங் தானும் கெடும், தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பதையும் கெடுக்கும்.

செய்தித்தாள் அச்சிடும் நியூஸ்பிரின்ட் சதுர மீட்டருக்கு 42 முதல் 49 கிராம் எடையுள்ள தாள். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 கிராம். மெலிவாக இருப்பது பெரிய குறை இல்லை. மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்குவதால் அதில் நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருள் தாளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, குறை அதுதான். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுக்கும், போகப்போக அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் நாரின் நீண்ட இழைகளை உள்ளேயே துண்டுதுண்டாக்குகிறது. 1980களில் கரூர் காகிதபுரத்து ஆலையிலிருந்து கரும்புச் சக்கைக் கூழில் செய்த நியூஸ்பிரின்ட் வந்தது. வீட்டில் சேர்த்து வைப்பவருக்கு அதனால் வித்தியாசம் ஒன்றுமில்லை, அதுவும் பழுக்கும்.

பழுப்பதும் நொறுங்குவதும் ஒன்றல்ல. வெயில்பட்ட தாள் நன்றாக மஞ்சளாகியும் வளைந்து கொடுக்கும். இருட்டில் இருந்தாலும் லாஃப்ட் சூட்டில் கிடந்தது, நிறம் அவ்வளவு மாறாமலே அப்பளமாய் உடையும். வெளிச்சம் செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், இன்றைய பேப்பரில் ஒரு துண்டை எடுத்துப் பாதியை அட்டையால் மூடி வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளிலேயே கோடு கிழித்ததுபோல நிறம் பிரியும்.

நொறுங்கும் நிலையை அறிய, எழுத்தில்லாத ஓரத்தில் ஒரு மூலையை மட்டும் முன்னும் பின்னுமாக மடித்துப் பார்க்கலாம். இரண்டு மடிப்புக்குள் ஒடிந்தால் அந்தத் தாளில் ஈரம் படும் வேலை எதையும் செய்யாதீர்கள். ஸ்கேன் எடுத்து, கவருக்குள் வைத்துவிடுவது மட்டுமே வழி.

செய்தி வேண்டுமா, தாள் வேண்டுமா

கட்டுக்கட்டாகச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தக் கேள்வியில்தான். நூறு கட்டிங்கில் தொண்ணூறுக்கு வேண்டியது செய்தி. அதற்கு நல்ல ஸ்கேனும், அமிலமில்லாத தாளில் எடுத்த லேசர் பிரதி ஒன்றும் போதும். லேசர் பிரதியின் மை கரித்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, அசலைவிட நெடுநாள் நிற்கும். இங்க்ஜெட் பிரதி அப்படியல்ல, சாய மையாக இருந்தால் ஈரத்தில் ஊறிவிடும். மிச்சமுள்ள பத்துதான் தாளாகவே காப்பாற்ற வேண்டியவை: குடும்பத்தில் ஒருவர் எழுதிய முதல் கட்டுரை, ஓரத்தில் தாத்தா பேனாவால் குறிப்பெழுதியது, வேறெங்கும் பிரதி கிடைக்காத சிற்றூர் வாரப் பத்திரிகை. கீழே சொல்லும் ரசாயன வேலையெல்லாம் அந்தப் பத்துக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் செய்யப் புறப்பட்டால் பாதியில் அலுத்து மொத்தக் கட்டும் எடைக்குப் போய்விடும்.

ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பரீட்சையில் மாநில அளவில் இடம்பிடித்த செய்தி, இரங்கல் விளம்பரம் என்று நம் ஊரில் உடனே ஓடுவது அங்கேதான். சூட்டில் உருகிய பசை நாருக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு பிரிக்க வழியே இல்லை. அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும். பிரதியை லேமினேட் செய்யுங்கள், சட்டம் போடுங்கள், கடைச் சுவரில் மாட்டுங்கள். அசலைத் தொட வேண்டாம்.

வெட்டுதல்

வேண்டியவை: 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், முனை ஒடிக்கும் கட்டர், அடியில் வைக்கக் கட்டிங் மேட் அல்லது தடித்த அட்டை, 2பி பென்சில். அன்றைய பேப்பரை அன்றே வெட்டாதீர்கள். செய்தித்தாள் மை காய்ந்து இறுகுவதில்லை, எண்ணெய் தாளுக்குள் இறங்குவதால்தான் நிற்கிறது. அதனால் புதிய தாளில் விரல் பட்டால் கருமை இழுபடும், மேலே வைத்த தாளிலும் நிழல் விழும். ஒரு வாரம் தட்டையாகக் கிடக்கவிட்டு வெட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கையால் கிழிப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் எங்கெங்கோ ஓடும். ரீலிலிருந்து ஓடிவரும் தாளில் நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுப்பதுதான் காரணம். மடிப்பதற்கும் இதுவே பொருந்தும். நெட்டு மடிப்பு பாதிப்பு குறைவு, குறுக்கு மடிப்பில் நார் ஒடியும்.

கத்தி வைக்குமுன் செய்ய வேண்டியவை மூன்று. பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கேயும் வேண்டிய செய்தி இருக்கலாம். ‘தொடர்ச்சி 7-ஆம் பக்கம்’ என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். பக்கத்தின் தலையில் பத்திரிகைப் பெயரும் தேதியும் உள்ள பட்டையை விட்டுவிடாதீர்கள். செய்தி பக்கத்தின் நடுவில் இருந்தால் அந்தப் பட்டையைத் தனியாக வெட்டி உடன் வைக்கலாம்.

எழுத்தை ஒட்டி வெட்டாமல் சுற்றிலும் 5 மி.மீ. விடுங்கள். ஓரம் முதலில் நொறுங்கும், அந்த 5 மி.மீ. எழுத்துக்குக் காவல். கோணலாகப் பத்தி பத்தியாகப் போகும் செய்தியைத் துண்டாக்கி வரிசைப்படுத்தி ஒட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. படிக்கச் சுலபம், ஆனால் எந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் இருந்தது, பக்கத்தில் என்ன படம் இருந்தது என்ற தடயம் போய்விடும். முழுச் செவ்வகமாகவே எடுங்கள். ஏ4 அளவுக்குள் அடங்காவிட்டால் பத்திகளுக்கு இடையிலுள்ள வெள்ளைக் கோட்டில் நெடுக்காக ஒரே மடிப்பு.

எழுத வேண்டிய விவரம்: தேதி, பத்திரிகை, பதிப்பு, பக்கம். பதிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே நாளிதழின் மதுரைப் பதிப்பும் கோவைப் பதிப்பும் உள்ளூர்ப் பக்கங்களில் வேறுவேறு. பிற்பாடு நூலகத்தில் சரிபார்க்கப் போகிறவர் வேறு பதிப்பைப் புரட்டிவிட்டு ‘அப்படி ஒரு செய்தியே இல்லை’ என்று திரும்புவார். கட்டிங் மேல் எழுதாதீர்கள், அது தங்கும் கவர்த்தாளில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மையின் எண்ணெய் வருஷக்கணக்கில் பரவி மறுபக்கம் தலைகாட்டும்.

தேதி இல்லாத கட்டிங்

பழைய கட்டுகளில் பாதிக்கு மேல் தேதியே இருக்காது. துப்பு பெரும்பாலும் பின்பக்கத்தில் கிடைக்கும், ஆகவே எதையும் ஒட்டுமுன் இரு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்போ அதை ஒட்டியோ. ‘நயா பைசா’ அல்லது ‘ந.பை.’ என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில். அரசு அறிவிப்பில் ‘சென்னை மாநிலம்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ஆனால் ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பின்கோடு வந்த பிறகும் அப்படி எழுதுவது நிற்கவில்லை. சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் போக்குவரத்துக் கழகங்களின் டெண்டர் விளம்பரம் கிடைத்தால் 1972 முதல் 1997 வரை என்று வரம்பு கட்டலாம். சினிமா விளம்பரத்தில் ‘இன்று முதல்’ என்று இருந்தால் அதிர்ஷ்டம்: படம் வெளியான தேதியைத் தேடினால் பேப்பரின் தேதியே கிடைத்துவிடும்.

எழுத்து வடிவமும் உதவும், கொஞ்சம் ஜாக்கிரதையாக. லை, னை, ணை எழுத்துகளில் மேலே தும்பிக்கையாகச் சுழியும் பழைய ஐகாரம், கீழே சுழித்த பழைய றா, னா, ணா இவையெல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்திய வழக்கம். ஆனால் எல்லா அச்சகமும் மறுநாளே மாறிவிடவில்லை. பெரியாரின் குடிஅரசோ 1935இலேயே மாறிவிட்டது. எழுத்தை மட்டும் நம்பித் தேதி போடாதீர்கள். கவரில் ‘1972–78, பின்கோடு + எழுத்து’ என்று காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள், பின்னால் வருபவர் திருத்த முடியும்.

தூசி, மடிப்பு, பழைய டேப்

மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். பூஞ்சை தெரிந்தால் வெளியே கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, நன்றாக உலர்ந்த பிறகுதான் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் உள்ளே அப்பிக்கொள்ளும்.

எட்டாக மடித்துப் பர்சில் வைத்திருந்த கட்டிங்கை நேராகப் பிரித்தால் மடிப்பில் விண்டுவிடும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச், அதன்மேல் தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு கம்பித்தட்டு, அதில் கட்டிங். மூடி ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டும் நிலைக்குப் போகக்கூடாது, ஒரு துளி விழுந்தாலும் பழுப்பு வளையம் நிற்கும். தாள் துவண்டதும் எடுத்து மெல்லப் பிரித்து, இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு (மை ஒற்றும் தாள்) நடுவில் வைத்து, மேலே கண்ணாடியும் தடித்த புத்தகங்களும். மறுநாள் பிளாட்டிங்கை மாற்றுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம்.

செல்லோடேப் பத்துப் பதினைந்து வருஷத்தில் தானே உரிந்து விழும், பசை மட்டும் பழுப்பாக ஊறி நிற்கும். உரியாததை ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கி, டேப்பைத் தன்மேலேயே திருப்பி மடித்த வாக்கில் தாழ்வாக இழுக்கலாம். செங்குத்தாக இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும். ஊறிய கறைக்கு வீட்டில் மருந்து இல்லை. அசிடோன், பெட்ரோல் தொட்டால் மை கரைந்து மேகமாகப் பரவும்.

சோடாக் குளியல்

அமிலத்தை மட்டுப்படுத்த வீட்டில் செய்யக்கூடிய முறை மக்னீசியம் பைகார்பனேட் கரைசல். வேண்டியவை ஒரு லிட்டர் சாதா சோடா, 30 மி.லி. மில்க் ஆஃப் மெக்னீசியா. மருந்துக்கடையில் லேபிளைப் படித்து வாங்குங்கள்: மக்னீசியம் ஹைட்ராக்சைடு மட்டும் இருக்க வேண்டும், லிக்விட் பாரஃபின் கலந்த மலமிளக்கியானால் தாள் எண்ணெய்க் காகிதமாகும். சோடா திருகுமூடி பாட்டிலில் இருக்கட்டும். எலுமிச்சை, பன்னீர் எதுவும் ஆகாது. கோலி சோடா சுத்தமானதுதான், திறந்தபின் மூடி வைக்க முடியாதே.

சோடாவை நன்றாகக் குளிர வைத்து, கொஞ்சம் வெளியே ஊற்றி இடம்விட்டு, மருந்தை விட்டு உடனே இறுக மூடிக் குலுக்குங்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும், இடையில் சில முறை குலுக்கலாம். மக்னீசியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரையாது. சோடாவிலுள்ள கரியமில வாயுதான் அதைக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. பாட்டில் திறந்தே இருந்தால் வாயு போய்விடும், வெள்ளைக் கலங்கல் அப்படியே நிற்கும். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிவாக இருந்தால் சரியாக வந்திருக்கிறது. தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைச் சோதனை. ஈரப் பஞ்சுக்குச்சியை ஒரு மூலையில் பத்து நொடி அழுத்தி, பிளாட்டிங்கில் ஒற்றிப் பாருங்கள். அச்சுக் கருப்பு நிற்கும். பேனாக் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், சில வண்ண அச்சு கரையும். கரைந்தால் அந்தக் கட்டிங்குக்குக் குளியல் இல்லை.

கட்டிங்கைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிய தட்டை டிரே. கொசுவலைத் துணி இரண்டு துண்டுக்கு நடுவில் கட்டிங்கை வைத்து, முதலில் கேன் தண்ணீரில் 15 நிமிஷம். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் வேண்டாம், செம்புள்ளி விழும். தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு வரும். கரைந்து போவது தாளின் சிதைவுக் கழிவு, பயப்பட ஒன்றுமில்லை. பிறகு கரைசலில் முக்கால் முதல் ஒரு மணி நேரம். எடுக்கும்போது வலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், நனைந்த நியூஸ்பிரின்ட் தன் எடையையே தாங்காது. பிளாட்டிங் மேல் நிழலில் பாதி உலரவிட்டு, பிறகு புதிய பிளாட்டிங்குக்கு நடுவில் எடை வையுங்கள்.

இதனால் தாள் வெளுக்காது, சில சமயம் மஞ்சள் ஒரு படி கூடவே தெரியும். காரத்தில் லிக்னின் அப்படித்தான் நடந்துகொள்ளும். நொறுங்கிய தாளுக்குப் பலமும் வராது. உலரும்போது நாருக்குள் தங்கும் மக்னீசியம் கார்பனேட், இனிமேல் உண்டாகும் அமிலத்தை அவ்வப்போது செயலிழக்க வைக்கும். பலன் அவ்வளவே, அதுவே நிறைய. வெளுக்க வைக்கிறேன் என்று பிளீச்சிங் பவுடரைத் தொடுபவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது கூழ்.

ஸ்கேன்

செய்திக்கு 400 டிபிஐ, படம் இருந்தால் 600, கறுப்பு வெள்ளைத் தாளானாலும் வண்ணத்திலேயே. ஏ4 அளவுக்கு 400இல் சுருக்காத டிஃப் கோப்பு சுமார் 46 எம்பி வரும், 600இல் 104. ஸ்கேனர் மூடியின் உட்புறம் வெள்ளை. மெல்லிய தாள் வழியே போகும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது பின்பக்க எழுத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கட்டிங்குக்கு மேல் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரை வைத்து மூடுங்கள், பின்பக்கம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். படம் கொஞ்சம் மங்கலாக வரும், அதைப் பிறகு சரிசெய்யலாம். புகைப்படங்களில் அலை அலையாகக் கோடு வந்தால், அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதுகின்றன. 600இல் எடுத்துப் பாதியாகச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றும் தமிழ் எழுத்துணரி டெசராக்ட் மென்பொருளிலும் உண்டு, கூகுள் டாக்ஸிலும் உண்டு. பக்கத்தை முழுதாகக் கொடுத்தால் பத்திகளைத் தாண்டிக் குறுக்கே படித்து அவியலாக்கிவிடும், ஒவ்வொரு பத்தியாக வெட்டிக் கொடுங்கள். பழைய ஐகாரத்தில் தடுமாறும், அதைக் கையால்தான் திருத்த வேண்டும். கோப்புப் பெயரில் தேதி முதலில்: 1974-03-12_தினமணி_மதுரை_ப5. கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும்.

ஒட்டுவது, அல்லது ஒட்டாமல் இருப்பது

ஒட்டாமல் இருப்பதே மேல். அமிலமில்லாத ஏ3 தாளை ஏ4 ஆக மடித்து, ஒரு மடிப்புக்குள் ஒரு கட்டிங். வாங்கிய தாள் அமிலமில்லாததா என்று பிஎச் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: ஊதா வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் வேண்டாம். கோடு அழியாது, கட்டிங்கில் போடாதீர்கள். பருத்தித் துணிக் கூழில் செய்த கைக்காகிதமும் ஆகும். பூவிதழ் பதித்தது, சாயம் ஏற்றியது அழகாக இருக்கும், வாழ்த்து அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பமாகவே வேண்டும் என்றால் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு கீல்: மெல்லிய கைக்காகிதத்தில் 1 x 2 செ.மீ. துண்டுகள், பாதி கட்டிங்கின் பின்னால், பாதி ஆல்பத்தில். முழுக்கப் பசை தடவினால் தாள் நனைந்து விரிந்து சுருங்கும், பின்பக்கமும் போய்விடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மறுபடி பிரிக்க முடியாது. பைண்டிங் கடைப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள். அதிலுள்ள செம்பு தாளின் சிதைவை வேகப்படுத்தும்.

பசை வீட்டிலேயே செய்யலாம். மைதாவைப் பிசைந்து அரைமணி ஊறவிட்டு, அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல தண்ணீரில் கசக்கி வடிகட்டுங்கள். கையில் ரப்பராய் நிற்பது பூச்சிக்குப் பிடித்தது, அதைத் தள்ளிவிட்டுப் பாலை இரவு தெளியவிட்டு மேல்நீரை ஊற்றிவிடுங்கள். அடியில் படிந்த மாவை உலர்த்திக்கொண்டு, ஒரு ஸ்பூனுக்கு ஐந்து ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் கால் மணி நேரத்துக்கு மேல் கிளறினால் வெண்மை போய்ப் பளபளக்கும். ஆறியபின் துணியில் இருமுறை பிழிந்தெடுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பிளாஸ்டிக் கவரில் பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் இரண்டும் சரி. பிவிசி ஆகாது, ஒட்டும் பரப்புள்ள போட்டோ ஆல்பமும் ஆகாது. சந்தேகமென்றால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, கவரின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, பிவிசி என்று வைத்துக்கொள்ளலாம். மொட்டைமாடியில் செய்யுங்கள், புகை நல்லதல்ல. சோடாக் குளியல் காணாத கட்டிங்கை நான்கு பக்கமும் அடைத்த கவரில் போட வேண்டாம், அமிலம் வெளியேற வழியின்றி வேகமாகக் கெடும். இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும்.

பெட்டியும் பூச்சியும்

லாஃப்டில் சூடு, வெளிச்சுவரில் பதித்த அலமாரியில் ஈரம், கட்டிலுக்கடியில் வெள்ளம். உள் அறை பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை கிளம்பும். கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் அது சர்வசாதாரணம். பெட்டிக்குள் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பை வையுங்கள். பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

இராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், கரப்பான் பசைக்கு வரும். அந்துருண்டையைப் பெட்டிக்குள் போட்டால் ஆவி படிகமாகத் தாளிலேயே படியும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைப்பது ஓலைச்சுவடிக் காலத்து வழக்கம், தாளைத் தொடாமல் வைத்து ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். பூச்சி ஏற்கெனவே ஏறிய கட்டை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, டீப் ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். எடுத்தவுடன் கவரைத் திறக்காதீர்கள். வெளிச்சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும்.

மழைநீரில் நனைந்த கட்டும் அதே ஃபிரீசருக்குத்தான் போக வேண்டும். நனைந்த நிலையில் பிரித்தெடுக்க முயன்றால் தாள் தாளோடு கூழாகும். கட்டாகவே கவரில் போட்டு உறைய வைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும், அவகாசமும் கிடைக்கும். பிறகு சிறுசிறு கட்டாக வெளியே எடுத்து, இளகும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, பிளாட்டிங் இடையிட்டு, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் உலர்த்துங்கள்.